வெள்ளையடிக்காத சுவர்கள்

கல்யாணம் நிச்சயமான வீட்டில் ஆரணி என்ற பெயர் காதில் விழாமல் இராது. "முகூர்த்தப் புடவை காஞ்சிபுரத்தில் எடுத்துவிடலாம்; மற்றதெல்லாம் ஆரணியில் பார்த்துக்கொள்வோம்" என்று அத்தை ஆரம்பிப்பாள். "காஞ்சிப் பட்டை நாள் முழுவதும் யாரால் சுமக்க முடியும்? ஆரணிப் பட்டு கனமே இல்லை, கட்டியிருப்பதே தெரியாது" என்று சித்தி முடிப்பாள். பிறகு ஒரு வண்டி நிறையப் பெண்டுகள் கிளம்பிப் போய், கடைக்காரர் பிரித்துப் போடும் புடவைகளுக்கு நடுவே ஒரு பகல் பொழுதைப் போக்கிவிட்டு வருவார்கள்.

அடுத்த முறை நீங்கள் அப்படிக் கிளம்பும்போது, பேரம் முடிந்த பிறகு அரை நாளை மிச்சம் பிடித்து வையுங்கள். ஆரணியிலிருந்து போளூர்ப் பக்கம் போகும்போது வடமாதிமங்கலத்துக்கு அருகில் திருமலை என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. (ஏழுமலையான் வாசம் செய்யும் திருமலை அல்ல, இது சமணர்களுடைய திருமலை.) அங்கே ஒரு பாறையின் அணைப்பிலே சில அறைகள். அந்த அறைகளின் சுவரிலும் கூரையிலும், பல நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிய சித்திரங்கள் இன்னும் அழிந்தும் அழியாமலும் இருக்கின்றன. எழுதியவர்களின் பெயர் கிடையாது.

"சுவர்ச் சித்திரத்துக்கு இவ்வளவு பெரிய பீடிகையா?" என்று கேட்காதீர்கள். சுவரில் எழுதிய சித்திரம் பிழைத்திருப்பது லேசான காரியமல்ல. அது எப்படித் தங்குகிறது, எப்படிக் காணாமற் போகிறது என்பது தெரிந்தால்தான் திருமலையின் அருமை தெரியும். அதற்காக ஒரு தடவை கடல் கடந்து இத்தாலிக்குப் போய்வர வேண்டியிருக்கிறது.

கி.பி. 79-ஆம் ஆண்டில் வெசூவியஸ் என்ற எரிமலை வெடித்தது. பாம்ப்பி, ஹெர்க்குலேனியம் என்ற இரண்டு ஊர்கள் சாம்பலிலும் குழம்பிலும் புதைந்தன. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் அவற்றை யாரும் நினைக்கக்கூட இல்லை. 1738-ல் ஹெர்க்குலேனியத்தையும் 1748-ல் பாம்ப்பியையும் தோண்ட ஆரம்பித்தார்கள். தோண்டத் தோண்ட வீடுகள்! வீட்டுக்கு வீடு, அறைக்கு அறை, சுவரெல்லாம் சித்திரம்!

ரோமானியர்களின் வீட்டில் நாற்காலி, மேஜை, அலமாரி என்று அதிகம் கிடையாது. தெருப் பக்கம் ஜன்னலும் குறைவு. நம்முடைய பழைய வீடுகளைப் போலவே நடுவில் வானம் பார்த்த ஒரு முற்றம்; மழைத் தண்ணீர் அதில் விழுந்து தொட்டியில் சேரும். சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள். அந்த அறைகளில் கண்ணுக்கு விருந்து வைக்கும் வேலை முழுவதும் சுவரின் தலையில் விழுந்தது. அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் மனைவி லிவியாவின் மாளிகை ஒன்றில், ஓர் அறையின் நாலு சுவரிலும் ஒரு தோட்டத்தையே எழுதி வைத்திருந்தார்கள். மாதுளை பழுத்திருக்கிறது, பறவைகள் உட்கார்ந்திருக்கின்றன. பாதி பூமிக்குள் இருந்த அந்த அறையில் கோடை வெயிலுக்குப் பயந்து உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தோப்பில் இருப்பது போலவே தோன்றும். 1863-ல் கண்டெடுத்த அந்தச் சுவர்களை இன்று ரோமாபுரியில் ஒரு பொருட்காட்சிசாலையில் வைத்திருக்கிறார்கள்.

சுவருக்கும் 'பாஷன்' உண்டு. ஔகுஸ்த் மௌ என்ற ஜெர்மானிய அறிஞர் 1882-ல் அவற்றை நாலு பாணிகளாகப் பிரித்தார். முதலில், சலவைக்கல் வாங்க வசதியில்லாதவர்கள் சுதையையே சலவைக்கல் மாதிரி இழைத்து வர்ணம் பூசினார்கள். பிறகு, தூணும் மாடமும் எழுதிச் சுவரையே திறந்துவிட்டாற்போல் மாயம் செய்தார்கள். அது அலுத்ததும் ஒரே வர்ணத்தில் வழவழவென்று பூசி, நடுவில் பூத்தொடுத்தாற்போல் சின்ன வேலைப்பாடு. கடைசியில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். புடவைக் கதையேதான்! விட்ருவியஸ் என்ற கட்டிடக்கலை ஆசிரியர் அந்தக் காலத்துப் புது பாஷனைக் கண்டு பொருமியிருக்கிறார். "தூண் இருக்க வேண்டிய இடத்தில் நாணல் தண்டை எழுதுகிறார்களே, நாணல் கூரையைத் தாங்குமா?" என்பது அவர் கட்சி. மருமகளின் புடவையைப் பார்த்து முகம் சுளிக்கும் மாமியாரின் குரல் அதில் கேட்கவில்லையா?

பாம்ப்பியில் வெட்டியஸ் என்ற குடும்பப் பெயர் கொண்ட இருவரின் வீடு ஒன்று இருக்கிறது. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்று, வியாபாரத்தில் பொருள் சேர்த்தவர்கள் என்று கருதப்படுகிறார்கள். வெகு காலம் பழுதுபார்த்து 2023 ஜனவரியில் மறுபடியும் திறந்துவிட்டார்கள். அதில் ஓர் அறையைச் சுற்றி, இறக்கை முளைத்த குழந்தைகள் வேலை செய்கிற மாதிரி ஒரு வரிசைச் சித்திரம். ஒரு குழந்தை தங்கம் உருக்குகிறது. ஒன்று வாசனைத் தைலம் காய்ச்சுகிறது. சில பூமாலை கட்டுகின்றன. சில துணி வெளுக்கின்றன. இன்னோர் இடத்தில், துணி வெளுக்கும் பட்டறையிலேயே தொழிலாளர்கள் தொட்டியில் நின்று துணியைக் காலால் மிதிப்பதையும், கொடியில் போட்டுத் தேய்ப்பதையும் எழுதியிருந்தார்கள். ஓர் அம்மாள் உட்கார்ந்துகொண்டு, பெண் ஒருத்தி கொண்டுவந்த துணியை வாங்கிப் பார்க்கிறாள். ஆரணிக் கடையில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் தோரணையே அது. இழை எங்கே விட்டிருக்கிறது என்று தேடும் கண்ணும் அதே கண்தான்!

அந்த ஊர்களுக்கும் நமக்கும் பழக்கம் இல்லாமலும் இல்லை. ரோமானியச் சித்திரக்காரர்களின் வர்ணங்களில் ஒன்றுக்குப் பெயரே 'இந்தியச் சரக்கு'. அது நம்முடைய அவுரி நீலந்தான். நாணல் நுரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வகைச் சேறு என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார், பாவம்! 1938-ல் பாம்ப்பியில் ஒரு வீட்டில் இந்தியாவில் செதுக்கிய தந்தப் பதுமை ஒன்றும் அகப்பட்டது. லக்ஷ்மி என்றார்கள் அப்போது; யக்ஷி என்கிறார்கள் இப்போது. யாராக இருந்தாலும் நகைகளை அடுக்கிக்கொண்டு நிற்கிறாள்.

சரி, சித்திரம் சுவரில் எப்படித் தங்கியது? இதற்கு விடை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. காய்ந்த தரையில் கோலம் போட்டால் காற்று வந்து கொண்டு போய்விடும். சாணம் தெளித்து ஈரம் இருக்கும்போதே மாக்கோலம் இழைத்தால், மறுநாள் வரைக்கும் தரையைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். சுவரும் அப்படித்தான். மணல் கலந்த சுண்ணாம்பை மூன்று பூச்சு, அதன் மேல் சலவைக்கல் பொடி கலந்ததை மூன்று பூச்சு என்று விட்ருவியஸ் கணக்குச் சொல்கிறார். மேல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வர்ணம் தீட்டிவிட வேண்டும். சுண்ணாம்பு காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடும். வர்ணம் அந்தக் கல்லுக்குள்ளேயே சிறைப்பட்டுப் போகும். அதனால் ஒரு நாளைக்கு எவ்வளவு எழுத முடியுமோ அவ்வளவு இடத்துக்குத்தான் மேல் பூச்சுப் பூசுவார்கள். காய்ந்த சுவரில் பசை கலந்து எழுதுவதும் உண்டு. அது செலவும் சிரமமும் குறைவு, ஆயுளும் குறைவு. தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் சித்திரங்கள் ஈரச் சுதையில் எழுதப்பட்டவை என்பதை ரசாயன நிபுணர் பரமசிவன் ஆராய்ந்து சொன்னார்.

சுண்ணாம்பை இழைத்து இழைத்துக் கண்ணாடி ஆக்கும் வித்தையில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து, பூச்சுக்கு மேல் பூச்சாகப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. தலை வாரிக்கொள்ளலாம்!

பாம்ப்பியில் ஜனங்கள் வீட்டுச் சுவரில் சித்திரம் எழுதிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டுகளை ஒட்டித் தமிழ்நாட்டு வீடுகள் எப்படி இருந்தன? இதற்குப் பதில் 'நெடுநல்வாடை'யில் இருக்கிறது. நக்கீரர் பாடிய அந்தப் பாட்டில் பாண்டிய மன்னன் போருக்குப் போயிருக்கிறான். வாடைக் காற்று வீசுகிற இரவு. ராணியின் அந்தப்புரத்தைப் புலவர் நமக்குச் சுற்றிக் காட்டுகிறார். வெள்ளியைப் போல் மின்னும் சுதை. நீலமணியைப் போன்ற தூண்கள். செம்பினால் வார்த்தது போன்ற நெடிய சுவர். அந்தச் சுவரிலே பல பூக்கள் பூத்த ஒரு கொடியை எழுதியிருக்கிறது. ராணியோ நகையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறாள். கட்டிலுக்கு மேலே மெழுகு பூசிய துணி விதானம். அதில் மேஷம் முதலான ராசிகளையும், சந்திரனையும், அவனை விட்டுப் பிரியாத ரோகிணியையும் தீட்டியிருக்கிறார்கள். ராணி அந்த ரோகிணியைப் பார்க்கிறாள், பெருமூச்சு விடுகிறாள், கண்ணில் நீர் துளிக்கிறது.

சித்திரம் ஒரு வீட்டில் என்ன செய்யும் என்பதை இதைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது. பாம்ப்பியின் நாலு பாணியையும் தராசின் ஒரு தட்டில் வைத்தாலும், இந்த ஒரு பெருமூச்சு இருக்கும் தட்டுதான் தாழும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்த அந்தப்புரம் எங்கே? அந்தச் சுவரில் ஓர் அங்குலமாவது நமக்குக் கிடைத்திருக்கிறதா? இல்லை. அங்கே ஊரை அழித்த எரிமலை சுவரைக் காப்பாற்றிக் கொடுத்தது. இங்கே எரிமலை வரவில்லை. ஜனங்கள் வாழ்ந்துகொண்டே இருந்தார்கள். மண்ணும் மரமும் செங்கல்லும் மழையில் கரைந்தன. கரையாத சுவருக்கு வருஷா வருஷம் பொங்கல் வந்தது. போகிக்கு முன்னால் சுண்ணாம்பும் மட்டையுமாக நாம் நடத்துகிற அமர்க்களத்தில் எத்தனை கொடிகளும் பூக்களும் அமுங்கிப் போயினவோ! வெள்ளையடிப்பது சுத்தம், லக்ஷ்மீகரம். அதைக் குறை சொல்ல முடியாது. அதற்கு நாம் கொடுத்த விலை என்ன என்பதை மட்டும் யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

ஆகவே நம்முடைய பழைய சித்திரங்களைப் பார்க்க வேண்டுமானால், மட்டை எட்டாத இடமாகத் தேட வேண்டும். குகையும் பாறையும் கோயிலின் இருட்டறையும்தான் கதி. சித்தன்னவாசல் அப்படித்தான் பிழைத்தது. வாணியம்பாடிப் பக்கத்து ஆர்மாமலைக் குகையில் கொஞ்சநஞ்சம் மிஞ்சியது. ஆரணிக்கு அருகே திருமலையும் அப்படி மிஞ்சியதுதான்.

திருமலைக்குள் நுழைந்ததுமே பெண்களுக்கு ஒரு பெருமை காத்திருக்கிறது. அங்குள்ள கோயிலின் பெயர் குந்தவை ஜினாலயம். ஆம், ராஜராஜ சோழனின் அக்காள் குந்தவைதான்! கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவனைத் திணற அடித்த அதே இளைய பிராட்டி. சைவக் குலத்தில் பிறந்த அந்த அம்மாள் திண்டிவனத்துப் பக்கத்துத் தாதாபுரத்தில் சிவனுக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று, ஜினருக்கு ஒன்று என்று மூன்று கோயில் எடுப்பித்தவள்.

மலையில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 1025-ஆம் ஆண்டினது. அவன் சேனை கங்கை வரை போய் வென்றதையெல்லாம் அது நீளமாகச் சொல்வதால் சரித்திர ஆசிரியர்களிடையே அதற்கு வெகு மதிப்பு. அவர்கள் வெற்றிகளைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நீங்கள் கடைசி வரிகளைக் கேளுங்கள். அவ்வளவு வீரப் பிரதாபமும் எதற்கு முன்னுரை என்றால், நன்னப்பயன் என்ற வணிகனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு நந்தா விளக்கு வைத்த செய்திக்குத்தான்! பின்னால் சம்புவராயர் காலத்தில் பொன்னூரைச் சேர்ந்த நல்லாத்தாள் என்ற பெண் இங்கே ஒரு திருவுருவத்தை எழுந்தருளச் செய்தாள். தகடூர் அதிகமான் ஒருவன், தன் முன்னோன் எழினி செய்து வைத்த யக்ஷன், யக்ஷி உருவங்கள் பழுதுபட்டது கண்டு புதுப்பித்துக் கொடுத்தான். இப்படி ஒருவர் கை ஓய்ந்தபோது இன்னொருவர் கை கொடுத்து வந்ததால்தான் இந்த இடம் காடாகிவிடாமல் நின்றது.

மலையில் பாறையிலேயே செதுக்கிய நேமிநாதர் சுமார் பதினாறு அடி உயரத்தில் நிற்கிறார். அவரைத் தரிசித்துவிட்டு, பாறையின் கீழே செங்கல்லும் சுதையுமாகக் கட்டி வைத்திருக்கும் அறைகளுக்கு வாருங்கள். இருட்டுக்குக் கண் பழகும் வரை ஒன்றும் தெரியாது. அவசரப்படாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் செம்மண் சிவப்பு தெரியும், பிறகு மஞ்சள், கறுப்புக் கோடு.

இங்கே பெரிய விஷயம் சமவசரணம் என்ற சித்திரம். ஒரு பெரிய சக்கரத்தைப் போல இருக்கும். தீர்த்தங்கரர் ஞானம் பெற்றதும் அவர் உபதேசம் செய்வதற்காக இந்திரன் அமைத்துக் கொடுத்த சபை அது என்பது சமணர் நம்பிக்கை. நடுவில் ஜினர், சுற்றிலும் வளையம் வளையமாக மதில், தாமரை பூத்த அகழி, கொடிகள் படர்ந்த வனம், துவஜங்கள். கேட்க வந்தவர்களில் தேவர்கள் உண்டு, துறவிகள் உண்டு, பெண்கள் உண்டு. மிருகங்களுக்கும் தனி இடம் உண்டு. மானும் சிங்கமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்குமாம். இவ்வளவையும் ஒரு சுவரில் வட்டத்துக்குள் அடைத்துவிட்டான் ஓவியன். இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி விஜயநகர காலத்தை ஒட்டியது. அடியில் அதைவிடப் பழைய பூச்சும் உண்டு.

தேவர்களையும் தேவியரையும் பார்த்தாகிவிட்டதா? இப்போது அண்ணாந்து பாருங்கள். கட்டம் கட்டமாகவும் பூப்பூவாகவும் கூரையில் எழுதியிருக்கும் வேலைப்பாட்டைக் கண்டால், "இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே" என்று தோன்றும். தோன்றாமல் என்ன? காலையில் ஆரணிக் கடையில் பிரித்துப் போட்டதெல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதானே! ஆரணி நெசவாளர் திருமலைக்கு வந்து பார்த்துத்தான் கட்டம் போடக் கற்றுக்கொண்டார் என்று நான் சொல்ல வரவில்லை. விஷயம் தலைகீழ். நம் நாட்டு ஓவியர்கள்தாம் கூரையைத் துணியாகப் பாவித்தார்கள். கடவுளுக்கு மேலே துணி கட்டுவது மரபு. அந்தத் துணிக்கும் விதானம் என்று பெயர், கூரைக்கும் விதானம் என்று பெயர். பாண்டிய ராணியின் கட்டிலுக்கு மேலே கட்டியிருந்ததும் அதுவேதான். கிழிந்து போகிற துணிக்குப் பதிலாகக் கிழியாத துணி ஒன்றைச் சுண்ணாம்பில் நெய்து வைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தக் கிழியாத துணிக்கும் விரோதிகள் இருக்கிறார்கள். பாறையில் ஊறும் ஈரம் ஒன்று. வௌவால் ஒன்று. மூன்றாவதைச் சொல்லத்தான் சங்கடமாக இருக்கிறது: விளக்குப் புகை. மூடிய அறையில் நூற்றாண்டுக் கணக்கில் எண்ணெய் விளக்கு எரிந்தால் சுவர் கறுக்காமல் என்ன செய்யும்? பக்தியோடு ஏற்றும் விளக்குத்தான். ஆனால் புகைக்குப் பக்தி தெரியாது. நாலாவது விரோதி ஆணியும் கரியும் கையுமாக வந்து தன் பெயரையும் தன் காதலியின் பெயரையும் எழுதிவிட்டுப் போகிறவன். அவனைப் பற்றி நாகரிகமாக எழுத எனக்கு வராது.

சுண்ணாம்பை மட்டும் முழுப் பகைவன் என்று தள்ளிவிட முடியவில்லை. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் பிற்காலப் பூச்சுக்கு அடியில் ஒளிந்திருந்த பல்லவர் சித்திரங்களை 1931-ல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் கண்டுபிடித்தார். அதே ஆண்டில்தான் தஞ்சையில் நாயக்கர் சித்திரத்துக்கு அடியில் சோழர் சித்திரம் இருப்பதைக் கோவிந்தசாமி என்ற பேராசிரியர் கண்டார். தொல்பொருள் துறையினர் பின்னால் மேல் படலத்தைப் பக்குவமாக உரித்தெடுத்து, இரண்டையும் காப்பாற்றினார்கள். பழைய பூச்சு சில சமயம் போர்வையாக இருந்து காத்திருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்கத் தெரியாதவர்கள் சுரண்டுவதும், திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிச் சுவரைத் துடைப்பதும்தான் பொறுக்க முடியாத அக்கிரமம். கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கேட்டு வருகிறவர்களிடம், "பழைய சித்திரம் இருக்கிற சுவரை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். கொடுக்கிற கைக்குக் கேட்கிற பாத்தியதை உண்டு. இன்றைக்கும் பாம்ப்பியில் மண்ணை விலக்க விலக்கப் புதுச் சுவர்கள் வந்துகொண்டிருக்கின்றன. 2024-ல்கூடக் கறுப்புச் சுவர்களோடு ஒரு விருந்துக்கூடம் வெளிவந்தது. அவர்களுக்குப் பூமிக்கடியில் இன்னும் கையிருப்பு இருக்கிறது. நமக்கு மண்ணுக்கு மேலே இருப்பதுதான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ரயிலில் வருவதானால் 'ஆரணி ரோடு' என்ற பெயரைப் பார்த்து ஏமாந்து இறங்கி, எதிரே பட்டுக்கடை இருக்கும் என்று தேடாதீர்கள். அது களம்பூரில் இருக்கிறது. திருமலைக்குப் போகிறவர்கள் அதே காட்பாடி–விழுப்புரம் பாதையில் வடமாதிமங்கலத்தில் இறங்கலாம். சமணர்கள் வழிபடும் இடம். அருகிலேயே 1998-ல் ஏற்பட்ட அவர்களுடைய மடமும் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, அறைகளைப் பார்க்க அனுமதி கேட்டுக்கொண்டு போவது மரியாதை. டார்ச் விளக்கு ஒன்று அவசியம். அதைச் சுவருக்கு நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால் கோடுகள் நன்றாகத் தெரியும். புகைப்படம் எடுக்கிறவர்கள் பளிச் விளக்கைப் போட வேண்டாம். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். அறை சின்னது, ஜரிகை உரசினாலும் உதிரக்கூடிய வர்ணம் அது.